மைக்ரோபிட்டுடன் நான்கு ஆண்டுகள்: ரஸ்ட் எம்பெடட் பாடங்களை எழுதி நடத்திய அனுபவம்

கருவிகளுக்குள் பதித்து (எம்பெடட்) வைக்கப்படும் சிறு கணினிச் சிப்களான மைக்ரோகண்ட்ரோலர்களுக்கு ரஸ்ட் மொழியில் நிரல் எழுதக் கற்றுத்தரும் பாடங்களை 2021ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து தமிழில் எழுதி, பொறியியல் மாணவர்களின் சிறு குழுக்களுக்கு நடத்தி வருகிறேன். இந்தக் காலத்தில் நான் பெரும்பாலும் பயன்படுத்தியவை கற்பவர்களுக்கான மைக்ரோபிட் வி2 போர்டு, நிரலை அதில் ஏற்றுவதற்கும் பிழை தேடுவதற்கும் ப்ரோப்-ஆர்எஸ், பாடங்களைத் தொகுப்பதற்கு எம்டிபுக் ஆகிய மூன்றும்தான். பொருள் தயாரிப்பவரின் கண்கொண்டு பார்த்தால் இவற்றைப் பற்றிய மதிப்பீடு வேறாக இருக்கும். அவர் ஒரு பதிப்பில் ஓடிய நிரலை அந்தப் பதிப்பிலேயே விட்டுவிடலாம். பாடம் எழுதுபவரிடமோ ஒவ்வோர் ஆண்டும் நேற்று இறக்கிய கம்பைலரோடு (நிரலைச் சிப்புக்குப் புரியும் வடிவாக மாற்றும் மென்பொருள்) ஒரு புதிய மாணவர் வந்து நிற்கிறார். கீழே நான் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டிலிருந்து வந்தவை.

போர்டைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. 2018இல் அமைந்த ரஸ்ட் எம்பெடட் பணிக்குழுவின் தொடக்கநிலைப் பாடமே முதலில் எஸ்டிஎம்32எஃப்3 டிஸ்கவரி போர்டுக்காக எழுதப்பட்டுப் பின்னர் மைக்ரோபிட்டுக்கு மாற்றப்பட்டது. நானும் அந்த வழியே போனேன். இதில் உள்ள என்ஆர்எஃப்52833 சிப், 64 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் கோர்டெக்ஸ்-எம்4 வகைச் செயலி. 512 கிலோபைட் ஃபிளாஷும் 128 கிலோபைட் ராமும் கற்பவருக்குத் தாராளம். ஐந்துக்கு ஐந்து எல்இடி, இரண்டு பொத்தான், முடுக்கமானி, காந்தமானி, மைக், ஸ்பீக்கர் எல்லாம் போர்டிலேயே இருப்பதால், முதல் பல வாரங்களுக்கு பிரெட்போர்டும் ஜம்பர் வயரும் தேவைப்படுவதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, பிழை தேடும் இடைமுகச் சிப்பும் அதே போர்டில் இருக்கிறது. ஒரு யுஎஸ்பி கேபிள் போதும்.

விலையை எண்ணி ஓர் ஆண்டு ராஸ்பெர்ரி பை பிகோவுக்கு மாறிப் பார்த்தேன். 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வந்த அந்தப் போர்டை மாணவர்கள் சொந்தமாகவே வாங்கிக்கொண்டார்கள் என்பது பெரிய வசதிதான். ஆனால் அதில் பிழை தேட இன்னொரு பிகோவையோ தனிக் கருவியையோ இணைக்க வேண்டும். அதில் உள்ள ஆர்பி2040 சிப்புக்கு நிரலின் தலைப்பகுதியில், மீதி நிரல் ஓட வழிசெய்யும் 256 பைட் அளவுள்ள இரண்டாம் கட்ட பூட்லோடர் ஒன்றும் வேண்டும். முதல் விளக்கை எரியவைப்பதற்கு முன்பே அது என்ன, ஏன் என்று சொல்ல நேர்ந்தபோது, வகுப்பின் பாதிப் பேர் என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டு மைக்ரோபிட்டுக்கே திரும்பினேன்.

ப்ரோப்-ஆர்எஸ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நிறுவிய பிறகு அது நன்றாக உழைக்கிறது. நிறுவும் நாள்தான் சோதனை. லினக்ஸில் எந்தச் சாதனத்தை யார் திறக்கலாம் என்று சொல்லும் யுடெவ் விதியைச் சேர்க்காவிட்டால், போர்டு இருப்பது தெரியும், திறக்க அனுமதி கிடைக்காது. இந்த ஒரு காரணத்தால் என் முதல் வகுப்பின் முற்பகல் முழுவதும் ரஸ்ட்டின் ஒரு வரிகூட எழுதாமல் கழிந்தது. இப்போது நிறுவும் வேலையைப் பாடத்திலிருந்து பிரித்து, வகுப்புக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பி, போர்டின் பெயர் திரையில் வரும் படத்தை எடுத்து அனுப்பிய பிறகே வகுப்புக்கு வரச் சொல்கிறேன்.

நான் செய்த பெரிய தவறு வேறிடத்தில் இருந்தது. இயங்குதளம் இல்லாத சிப்புக்காக, ரஸ்ட்டின் ஸ்டாண்டர்டு லைப்ரரி இல்லாமல் எழுதும் நிரலில், நிரல் தடுமாறி விழும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை நாமே சொல்லியாக வேண்டும். அதற்கு மிகச் சுருக்கமான வழி பானிக்-ஹால்ட் என்ற கிரேட் (ரஸ்ட்டில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு): ஒரே வரி, விழுந்தால் அப்படியே நின்றுவிடும். பாடத்தில் வரிகள் குறைவாக இருந்தால் மாணவருக்கு நல்லது என்று நம்பி அதையே பயன்படுத்தினேன். ஒரு மாணவி, விளக்கை எரியவைக்கும் பகுதியைத் தனிச் செயற்கூறாகப் பிரித்து, அதற்குள்ளும் போர்டை ஒருமுறை கேட்டு எடுத்தார். மைக்ரோபிட் லைப்ரரி போர்டை ஒருமுறைதான் கொடுக்கும். இரண்டாம் முறை கேட்டால் வெறுங்கைதான். அந்த வெறுங்கையை அன்ராப் செய்ததும் (உள்ளே பொருள் இருக்கிறது என்று நம்பிப் பிரித்ததும்) நிரல் விழுந்தது. திரையில் ஒன்றும் இல்லை, போர்டில் அசைவும் இல்லை. கேபிளை மாற்றினோம், போர்டை மாற்றினோம், கணினியையே மாற்றினோம். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, விழுந்த செய்தியைக் கணினிக்கு அனுப்பும் பானிக்-ஆர்டிடி-டார்கெட்டைச் சேர்த்தபோதுதான், எந்தக் கோப்பில் எந்த வரியில் விழுந்தது என்பது ஒரு நொடியில் திரைக்கு வந்தது. அதே குழுவில் இன்னொருவரின் விளக்கு, கொஞ்ச நேரம் சிமிட்டிவிட்டுச் சத்தமில்லாமல் நின்றுவிடும். அவருடைய எண்ணி (எண்ணிக்கை வைக்கும் மாறி) 0 முதல் 255 வரை மட்டுமே கொள்ளும் யு8 வகை. 255ஐத் தாண்டும் இடத்தில் பிழை தேடுவதற்கான டீபக் பில்ட் நிரலை விழவைக்கும், வெளியிடுவதற்கான ரிலீஸ் பில்ட் பூஜ்யத்திலிருந்து மீண்டும் தொடங்கும். இரண்டு பில்டிலும் அதே நிரலை ஓட்டிக் காட்டும் பயிற்சி இப்போது மூன்றாம் பாடமாக இருக்கிறது. பானிக்-ஹால்ட் பாடத்தில் எங்குமே இல்லை.

தமிழில் எழுதியதால் கிடைத்த லாபம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்தத் தரவு யாருடையது என்று கண்காணிக்கும் ரஸ்ட்டின் மையக் கருத்துகளுக்குத் தொடக்கத்தில் உடைமை (ஓனர்ஷிப்), நகர்வு (மூவ்), கடன் (பாரோ) என்று எழுதினேன். கடன் என்ற சொல் மாணவர்களைத் தவறான பக்கம் இழுத்தது. கடன் வாங்கிய பணத்தைத் திருப்பித் தரும்போது வாங்கிய அதே நோட்டை யாரும் தருவதில்லை. அதற்கு ஈடான இன்னொன்றைத் தருகிறோம். அண்டை வீட்டிலிருந்து இரவல் வாங்கிய குடத்தையோ அதே குடமாகத் திருப்பித் தர வேண்டும், அதுவரை அது அவர்களுடையதாகவே இருக்கும். ரஸ்ட்டில் நடப்பது இரண்டாவது. கடனை இரவல் என்றும், நகர்வைக் கைமாறுதல் என்றும் மாற்றிய பிறகு, கைமாறிய பொருளை மீண்டும் பயன்படுத்தும்போது ஈ0382 என்ற எண்ணோடு வரும் பிழையை மாணவர்கள் தாங்களாகவே வாசித்து, ‘பின் ஏற்கெனவே கைமாறிவிட்டது, சார்’ (பின் என்பது சிப்பின் இணைப்புக் கால்) என்று சொல்லத் தொடங்கினார்கள். எழுத்துச் சரங்களை வைத்து உடைமையை விளக்குவது வழக்கம். எம்பெடட் பாடத்தில் ஒரு பின்னை வைத்தே விளக்கலாம். மைக்ரோபிட்டில் முதல் எல்இடி வரிசை பி0.21 பின்னில் இருக்கிறது. அந்த ஒரே பின்னை இரண்டு செயற்கூறுகள் ஒரே நேரத்தில் ஆள முயன்றால் என்ன ஆகும் என்று கேட்டால், கம்பைலரின் கண்டிப்பு ஏன் என்பது விளக்கம் இல்லாமலே புரிந்துவிடுகிறது.

இன்டரப்ட் (ஓடும் நிரலை இடைமறித்து வேறு செயற்கூறை ஓடவைப்பது) பாடத்தில் அந்த எளிமை கிடைக்கவில்லை. பொத்தானை அழுத்தியதும் ஓடும் செயற்கூறுக்கும் முதன்மை நிரலுக்கும் பொதுவாக ஒரு பொருளை வைக்க, மியூடெக்ஸுக்குள் ரெஃப்செல், அதற்குள் ஆப்ஷன் என்று மூன்று உறை போட வேண்டியிருக்கிறது. முதல் வரைவில் இதைத் தவிர்க்க, எங்கிருந்தும் மாற்றக்கூடிய ஸ்டாடிக் மியூட் மாறியை, பாதுகாப்புக்கு நாமே பொறுப்பேற்கும் அன்சேஃப் பகுதிக்குள் தொட்டுக் குறுக்குவழி எடுத்தேன். பிறகு வந்த கம்பைலர்கள் அதற்கு எச்சரிக்கை கொடுத்தன. 2025 பிப்ரவரியில் ரஸ்ட் 1.85உடன் வந்த, மொழியின் 2024 எடிஷனில் (விதித் தொகுப்பில்), அப்படிப்பட்ட மாறியை இரவல் எடுப்பது இயல்பாகவே பிழையாக நிறுத்தப்படுகிறது. கம்பைலர் சொன்னது நியாயம், என் பாடம்தான் சோம்பேறித்தனமாக எழுதப்பட்டிருந்தது. இப்போது உறைகளை ஒவ்வொன்றாகப் போடவைக்கிறேன்: முதலில் உறையே இல்லாமல் எழுதி, கம்பைலர் மறுக்கும் காரணத்தைப் படித்து, அந்தக் காரணத்துக்கு உரிய உறையைச் சேர்ப்பது. இரு தரப்பும் ஒரே நேரத்தில் தொடாமல் இருக்க மியூடெக்ஸ், உள்ளிருப்பதை மாற்ற ரெஃப்செல், நிரல் தொடங்கும்போது பொருள் இன்னும் தயாராகவில்லை என்பதற்கு ஆப்ஷன். இரண்டு வகுப்புகள் ஆகின்றன. ஆனாலும் அதைச் சுருக்க எனக்கு மனமில்லை.

பாடத்துக்கு வயதாகும் விதத்தை 2024இல் கண்கூடாகப் பார்த்தேன். அந்த ஜனவரியில், வெவ்வேறு சிப்களுக்குப் பொது இடைமுகம் தரும் கிரேட்டான எம்பெடட்-ஹால் 1.0 வெளியானது. பல ஆண்டுகளாக 0.2இல் நின்றிருந்த பொது இடைமுகம் நிலைபெற்றது நல்ல செய்தி. ஆனால் காத்திருப்புக்கான ட்ரெயிட்டின் (ஒரு வகை தர வேண்டிய செயற்கூறுகளின் பட்டியல்) பெயர் மாறியது; மில்லிசெகண்டை யு16 ஆகக் கொடுத்துவந்த என் பழைய வரிகளை, யு32 மட்டுமே ஏற்கும் புதிய இடைமுகம் மறுத்தது. டைமருக்கும் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஏடிசிக்கும் இருந்த சில ட்ரெயிட்கள் அடியோடு போயின. நான் பதிப்பு எண்ணைக் குறிப்பிடாமல் கிரேட்டைச் சேர்க்கச் சொல்லியிருந்ததால், அந்த ஆண்டு மாணவர்களுக்குப் புதிய பதிப்பு வந்தது, கையில் இருந்த பாடமோ பழையது. அதற்கு முந்தைய 2023இல்தான், அதுவரை நான் பாடம் முழுவதும் பயன்படுத்திய, நிரலை ஏற்றி ஓட்டும் ப்ரோப்-ரன் கருவி கைவிடப்பட்டு, அதன் வேலை ப்ரோப்-ஆர்எஸ்ஸுக்குள் சென்றிருந்தது. அதே வகைக் கருவியான கார்கோ-எம்பெடும் தனியாக நிறுவும் நிலையிலிருந்து அதே தொகுப்புக்குள் போனது. எல்லா மாற்றமும் முன்னேற்றம்தான், ஒன்றைக்கூட நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் இணையத்தில் தேடும் மாணவருக்குக் கிடைக்கும் எடுத்துக்காட்டுகளில் எது எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்கவே தனித் திறமை வேண்டியிருக்கிறது.

அதன்பின் ஒவ்வொரு பாடத் தொகுப்பிலும் கம்பைலர் பதிப்பைக் குறிக்கும் கோப்பும், கிரேட்களின் பதிப்புகளைப் பூட்டிவைக்கும் கார்கோ.லாக் கோப்பும் சேர்ந்தே போகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை, வகுப்பு இல்லாத மே மாதத்தில், பூட்டைத் திறந்து, உடைந்ததைச் சரிசெய்து, மீண்டும் பூட்டுகிறேன். இதில் எம்டிபுக் பெரிதும் உதவியது. பாடத்துக்குள் நிரலைக் கையால் ஒட்டுவதை நிறுத்திவிட்டு, கம்பைல் ஆகும் உண்மைக் கோப்பில் ஆங்கர் குறியிட்டு, தேவையான வரிகளை மட்டும் பக்கத்துக்குள் இழுத்துக்கொள்கிறேன். அதனால் நிரலைத் திருத்தினால் பாடமும் திருந்திவிடும். எம்டிபுக்கின் சோதனைக் கட்டளை மட்டும் இந்த வேலைக்கு உதவாது. அது நிரலை நம் கணினிக்கே கம்பைல் செய்து பார்க்கிறது, கோர்டெக்ஸ்-எம் இலக்குக்கு அல்ல. ஆகவே எடுத்துக்காட்டுகளை ஒரே வொர்க்ஸ்பேஸில் (பல நிரல்களின் பொதுத் தொகுப்பு) வைத்து, உரிய இலக்குக்குத் தனியாகக் கம்பைல் செய்து பார்க்கிறேன். வொர்க்ஸ்பேஸாக வைத்ததில், கம்பைல் செய்த கோப்புகள் சேரும் டார்கெட் அடைவு பாடத்துக்கு ஒன்றாகப் பெருகி ஆய்வகக் கணினிகளின் வட்டை நிரப்புவதும் நின்றது. இணையம் தயங்கும் ஆய்வகங்களுக்கு கார்கோ வெண்டர் கட்டளையால் எல்லாக் கிரேட்களையும் ஓர் அடைவில் திரட்டி, பென்டிரைவில் கொண்டுபோகிறேன்.

பல வேலைகளை மாறிமாறி ஓட்ட உதவும் எம்பஸி என்ற ரஸ்ட் தொகுப்பைப் பாடத்தில் சேர்க்கும்படி மாணவர்கள் இப்போது கேட்கிறார்கள். 2023 டிசம்பரில் ரஸ்ட் 1.75 வந்து, ட்ரெயிட்களுக்குள் அசிங்க் செயற்கூறுகளை (காத்திருக்கும்போது வேறு வேலைக்கு வழிவிடுபவை) அனுமதிக்கும்வரை, இன்னும் நிலைபெறாத நைட்லி கம்பைலர் வேண்டும் என்பதே அதைத் தள்ளிவைக்க எனக்குப் போதுமான காரணமாக இருந்தது. அந்தக் காரணம் இப்போது இல்லை. இரண்டு விளக்குகளை இரு வேறு வேகத்தில் சிமிட்டவைக்கும் நிரல் அதில் ஒரு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. டைமர் இன்டரப்டை வைத்து நான் எழுதியது நான்கு பக்கம். இருந்தும் அதை இன்டரப்ட் பாடத்துக்குப் பிறகே வைத்திருக்கிறேன், ஏனெனில் அந்த ஒரு பக்கம் காத்திருக்கும்போது சிப் என்ன செய்கிறது என்பதை நான்கு பக்கத்தையும் எழுதிப் பார்த்தவர்தான் கேட்கிறார். அந்தக் கேள்விக்கான பாடத்தின் மூன்றாவது வரைவு இப்போது என் மேசையில் இருக்கிறது. வரும் மே மாதத்துக்குள் முடிக்க வேண்டும்.