பைதானில் மூன்று முக்கிய இலக்கங்கள்: எந்த வழி நல்லது?

பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ரெசிஸ்டர் அளப்பவர்களுக்கு 4.7-உம் 4.70-உம் ஒன்றல்ல. பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவன், "அண்ணே, மதிப்பு ஒன்றுதானே?" என்று கேட்டான். மதிப்பு ஒன்றுதான். ஆனால் 4.70 கிலோ ஓம் என்று எழுதினால் அந்தக் கடைசிச் சுழியமும் அளந்து கண்டது என்று பொருள். இப்படி அளந்து கண்ட இலக்கங்கள்தான் முக்கிய இலக்கங்கள். இடைநிலைப் பள்ளியில் மலாயில் 'அங்கா பெர்எர்தி' என்று படித்தோமே, அதேதான்.

பைதான் நிரல்மொழியில் பலரும் முதலில் எடுப்பது '.3ஜி' என்ற வடிவக் குறி, அதாவது எண்ணை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் குறி. எழுதச் சுலபம். ஆனால் 4.7012-ஐக் கொடுத்தால் 4.7 என்று சுழியத்தை விழுங்கிவிடும். 4987.3 ஓமைக் கொடுத்தால் 4.99ஈ+03 (4.99 பெருக்கல் பத்தின் 3-ஆம் அடுக்கு) என்று வரும். முன்னால் # சேர்த்து '#.3ஜி' என்று எழுதினால் 4.70 சரியாகக் கிடைக்கும். அப்புறம் 499.2-ஐக் கொடுத்துப் பாருங்கள்: '499.' என்று ஒரு புள்ளி தொங்கிக்கொண்டு நிற்கும். அறிக்கையில் அதைப் பார்ப்பவர் அச்சுப்பிழை என்றே நினைப்பார்.

லாக் எடுத்து இலக்க இடத்தைக் கணக்கிட்டு 'ரவுண்ட்' செய்வது இன்னொரு வழி. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 4987.3 இங்கே 4990.0 ஆகிறது, மூன்று இலக்கம் கேட்டவருக்கு ஐந்து இலக்கம் அளந்ததுபோலக் காட்டுகிறது. மீட்டரின் இரு முனைகளையும் சேர்த்துத் தொட்டுச் சரிபார்க்கும்போது சுழியம் வந்தால், சுழியத்துக்கு லாக் கிடையாது என்று நிரலே நின்றுவிடும்.

என் ஓட்டு டெசிமலுக்கு, அதாவது பைதானோடு வரும் பதின்ம எண் வகைக்கு. துல்லியத்தை 3 என்று வைத்து, எண்ணை எழுத்துச் சரமாகவே கொடுக்க வேண்டும். 4.7012 என்பது 4.70 ஆகும், 499.2 என்பது வெறும் 499 ஆகும். 2.675 போன்ற எண்ணிலும் வேறுபாடு தெரியும். இரும முறையில் அது 2.675-ஐவிட ஒரு துளி குறைவாகவே சேமிக்கப்படுவதால் ஜி 2.67 என்கிறது, டெசிமல் 2.68 என்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது டெசிமலில் உள்ள 'டு_எங்_ஸ்ட்ரிங்' என்ற கட்டளை. 49873 ஓமை மூன்று இலக்கமாக்கி அதில் போட்டால் 49.9ஈ+3 என்று தரும். அடுக்கு எப்போதும் மூன்றின் மடங்கு என்பதால் 49.9 கிலோ ஓம் என்று அப்படியே வாசிக்கலாம். 2012-இல் வந்த பைதான் 3.3 பதிப்பிலிருந்து டெசிமல் சி மொழியில் இயங்குவதால் வேகமும் போதும்.

ஒன்றை மறக்கக் கூடாது. டெசிமலை உருவாக்கினால் மட்டும் இலக்கம் குறையாது. ஏதாவது கணக்கு நடந்தால்தான் குறையும். எண்ணுக்கு முன்னால் ஒரு + போட்டாலே போதும்.

திரையில் சட்டென்று பார்க்க ஜி-யே போதும். அறிக்கைக்கு டெசிமல் என்றால், மீட்டர் கோப்பைப் பாண்டாஸில் (அட்டவணைத் தரவைக் கையாளும் பைதான் தொகுப்பு) திறக்கும்போதே அந்தப் பத்தியை எழுத்துச் சரமாகப் படிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மீட்டர் தந்த 4.70, டெசிமலைத் தொடுவதற்கு முன்பே 4.7 ஆகியிருக்கும்.