நாலு வருஷம் திறந்த தரவோடு: எது கைகொடுத்தது, எது காலை வாரியது

யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அரசு வெளியிடும் திறந்த தரவுகளை எடுத்து, கணினி அவ்வளவாகப் பழகாதவர்களுக்கும் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும் வேலையை ஒரு குடியிருப்போர் குழுவுக்காக நாலு வருஷமாகச் செய்துவருகிறேன். சம்பளம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும், அவ்வளவுதான். இத்தனை நாளில் என் கையில் புழங்கிய கருவிகளைப் பற்றி இங்கே சொல்கிறேன்.

ஆரம்பத்தில் எக்செல்தான். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து அட்டவணை) இரட்டைக் கிளிக் செய்து திறப்பது எல்லாருக்கும் தெரிந்த வழி. வம்பும் அங்கேதான் தொடங்கும். 007 என்ற தெருக் குறியீடு 7 ஆகிவிடும். 3-4 என்ற கதவு எண் தேதியாக மாறி உட்கார்ந்திருக்கும். தமிழ்ப் பெயர்கள் பூச்சி பூச்சியாகத் தெரியும். எக்செல் மாதிரியான இலவச மென்பொருள் லிப்ரேஆபிஸ் கால்க், கோப்பைத் திறக்கும்போதே எழுத்துக் குறியாக்கம் (எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறை) எது, எந்த நெடுவரிசையை வெறும் எழுத்தாக வைக்க வேண்டும் என்று கேட்டுவிடுகிறது. அந்த ஒரு பெட்டிக்காகவே அதற்கு மாறினேன். எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் நிற்காது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2020இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் உரிய நேரத்தில் கணக்கில் சேராமல் போனது இந்த வரம்பால்தான்.

ஒரே தெருவை ஐந்து விதமாக எழுதிவைத்திருக்கும் பட்டியலைச் சீராக்க, தரவைச் சுத்தம் செய்யும் மென்பொருளான ஓப்பன்ரிஃபைனுக்கு ஈடில்லை. நம் கணினியிலேயே ஓடுகிறது, தரவு வெளியே போவதில்லை. ஆனால் ஒத்த பெயர்களைத் தேடும்போது, அதன் வழக்கமான முறை நிறுத்தற்குறிகளை நீக்கிவிட்டுத்தான் ஒப்பிடும். '1/2 குறுக்குத் தெரு'வும் '12 குறுக்குத் தெரு'வும் அதன் கண்ணுக்கு ஒன்றே. நான் எதையும் படித்துப் பார்க்காமல் வரிசையாக டிக் அடித்து இரண்டு தெருக்களை ஒன்றாக்கிவிட்டேன். நல்லவேளை, செய்த மாற்றங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி ரத்து செய்யலாம். மானம் தப்பியது.

அப்புறம் டேட்டாசெட் (Datasette) என்ற கருவி. சைமன் வில்லிசன் 2017இல் வெளியிட்டது. எஸ்க்யூஎல்லைட் (SQLite) கோப்பு, அதாவது ஒரே கோப்பில் அடங்கிய தரவுத்தளம், ஒன்றைக் கொடுத்தால் அதைத் தேடவும் வடிகட்டவும் கூடிய வலைப்பக்கமாக்கிவிடும். எனக்குப் பிடித்த விஷயம், வடிகட்டிய ஒவ்வொரு பார்வைக்கும் தனி இணைப்பு உண்டு. 'எங்கள் தெரு மட்டும்' என்று ஒருவர் கேட்டால் அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். அவர் எதையும் கற்க வேண்டியதில்லை. குறை என்றால், நிறுவிப் பராமரிக்கக் கட்டளை வரி (கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் முறை) தெரிந்த ஒரு ஆள் வேண்டும். எங்கள் குழுவில் அந்த ஆள் நான் ஒருவன்தான். எனக்குக் காய்ச்சல் வந்தால் அதற்கும் காய்ச்சல்.

ஆனால் பெரிய பாடம் கிடைத்தது கருவியில் இல்லை, காகிதத்தில். இணையம் பக்கமே வராதவர்களுக்காகத் தெருவிளக்குப் புகார்களின் அட்டவணையைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டினோம். வயதான ஒரு அம்மா தன் தெருவின் வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "பூஜ்யம்னு போட்டிருக்கீங்களே தம்பி, போன வருஷம் நானே மூணு தடவை எழுதிக் கொடுத்தேனே?"

போய்ப் பார்த்தால், மூலக் கோப்பில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. கூட்டல் சுலபமாக இருக்கட்டுமென்று காலிக் கட்டங்களில் எல்லாம் 0 போட்டவன் நான். தரவை வெளியிட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டோம். இணையம் வழியாக வந்த புகார்களை மட்டுமே அந்தக் கோப்பில் ஏற்றுகிறோம் என்று பதில் வந்தது. கோப்போடு வந்த விளக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

சரி என்று பூஜ்யங்களை எடுத்துவிட்டு 'பதிவு இல்லை' என்று போட்டேன். தலைப்பையும் 'இணையத்தில் வந்த புகார்கள் மட்டும்' என்று மாற்றி, தரவு எடுத்த தேதியை அதன் கீழே சேர்த்தேன். புதுத் தாளை ஒட்டிய அன்று அந்த அம்மா வந்து நிதானமாகப் படித்தார். "அப்போ நான் எழுதிக் கொடுத்ததெல்லாம் எங்க போச்சு?" என்றார். அதைக் கேட்டு இரண்டாவது கடிதம் அனுப்பியிருக்கிறோம்.