15,000 ரூபாய்க்கு ஒரு பள்ளிக் கட்டுரை

ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம். அந்த அரையும், ஏசி நன்றாக இருந்ததற்கு.

பக்கத்துத் தெருப் பள்ளிக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் பக்கம் இருக்கிறது, நமக்கு இல்லையே என்று முன்னாள் மாணவர் வாட்ஸப் குழுவில் ஒரே புலம்பல். நான்தான் செயலாளர். வடபழனியில் ‘விக்கிப் பக்கம் எழுதித் தருகிறோம்’ என்று போர்டு மாட்டியிருந்த ஓர் அலுவலகத்தில் ரூ.15,000 கட்டினேன்.

கட்டுரை இரண்டே நாளில் வந்தது. ‘வடசென்னையின் கல்விச் சிகரமாகத் திகழும்’ என்று ஆரம்பம். முன்னாள் மாணவர் பட்டியலில் ஒரு நடிகர் பெயர் வேறு. அவர் எங்கள் பள்ளிக்கு ஷூட்டிங்குக்காக வந்தவர்!

“23 மேற்கோள் கொடுத்திருக்கோம் சார்” என்றார் அங்கிருந்த தம்பி. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். 14 எங்கள் பள்ளியின் சொந்த இணையதளம். 3 ஃபேஸ்புக். மீதி 6 பவளவிழாவுக்கு நாளிதழில் காசு கொடுத்துப் போட்ட இணைப்பிதழ். அதில் வந்த ‘செய்தி’களை எழுதியவனே நான்தான். முகவரி, தலைமையாசிரியர் பெயர் போன்றவற்றுக்குப் பள்ளியின் தளம் போதும். ‘சிறந்த பள்ளி’ என்பதற்கும் பள்ளியே சாட்சியா? 1998-இல் கட்டண உயர்வை எதிர்த்துப் பெற்றோர் வாசலில் உட்கார்ந்தார்களே, அது எங்கே என்று கேட்டேன். “நெகட்டிவ் எதுக்கு சார்?”

ஒன்பதாம் நாள் விளம்பரம் என்று சொல்லி விக்கிப்பீடியாவில் பக்கத்தை நீக்கிவிட்டார்கள். காசு வாங்கி எழுதுபவர் யாருக்காக எழுதுகிறார் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2014 முதல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகளிலேயே இருக்கிறதாம். வடபழனிக்காரர்கள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அப்புறம், பள்ளியைப் பற்றி வெளியார் எழுதியது ஏதாவது இருக்கிறதா என்று தேடி, எழும்பூர் பாந்தியன் சாலையில் கன்னிமாரா நூலகத்துக்கு நானே போனேன். 1896-இல் திறந்தது, 1954 சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்கள் வந்து சேர வேண்டிய இடம். பழைய நாளிதழ்த் தொகுப்புகளைப் புரட்ட மூன்று சனிக்கிழமை போனது. கிடைத்தவை இரண்டே செய்திகள்: புதுக் கட்டடத் திறப்பு விழா, அந்த 1998 போராட்டம். இரண்டையும் எழுதியவர்கள் எங்களுக்குச் சொந்தமும் இல்லை, பகையும் இல்லை.

இப்போது என் மணல்தொட்டியில் (விக்கிப்பீடியாவில் எழுதிப் பார்க்கும் வரைவுப் பக்கம்) 11 வரி இருக்கிறது. ஒரு பள்ளிக்குத் தனிப் பக்கம் வைக்க இவ்வளவு போதுமா என்பதே சந்தேகம்தான். நான் சங்கச் செயலாளர் என்பதையும் எழுதிவைத்து, பார்த்துச் சொல்லுங்கள் என்று மற்ற பயனர்களிடம் விட்டிருக்கிறேன். குழுவில் என்னவோ “போராட்டத்தை ஏம்ப்பா போட்டே?” என்று சண்டை.

பணத்தில் ரூ.5,000 திரும்பி வந்தது. மீதியைக் கேட்டால் “அடுத்த வாரம் சார்” என்கிறார்கள். இது ஏழாவது அடுத்த வாரம்.