கஞ்சியா, அவலா, மரச்சீனியா? புயல் மழையில் அடைபட்ட வீட்டுக்கு எது கைகொடுக்கும்

குமரி மாவட்டத்தில் மழைக்காலத்துக்கு முன் உணவு வாங்கி அடுக்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எது ரொம்ப நாள் கெடாமல் கிடக்கும்? என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. அதைச் சாப்பிடும் பதத்துக்குக் கொண்டுவர எவ்வளவு தண்ணீர், எவ்வளவு தீ வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்தன. மின்கம்பங்களும் விழுந்ததால் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, டேங்கில் தண்ணீர் ஏறாது. கிணற்றில் இன்னும் கப்பியும் கயிறும் வைத்திருந்த வீடுகள் தப்பின. மற்றவர்களுக்கு அரிசி இருந்தும் உலை வைப்பது பெரும்பாடாக இருந்தது.

அதனால் இந்தக் கண்ணோட்டத்தில் நம் ஊர்ச் சமையலறையில் கிடக்கும் நான்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்: உணக்க மரச்சீனி (காயவைத்த மரவள்ளிக்கிழங்கு), அவல், பாக்கெட் நூடுல்ஸ், அரிசியும் சிறுபயறும் போட்ட கஞ்சி. ரவையை விட்டுவிட்டேன். நம் ஈரக்காற்றில் அது சீக்கிரம் பூச்சி பிடித்துவிடும்.

மரச்சீனியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அதில்தான் நம்பிக்கை. "வீட்ல உணக்க கிழங்கு கிடக்கும்போ பின்ன என்னத்துக்கு மக்கா பேடி?" என்பார்கள் (பேடி என்றால் பயம்). அந்த நம்பிக்கைக்கு வரலாறு உண்டு. 1880 முதல் 1885 வரை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் இந்தக் கிழங்கை ஊரெங்கும் பயிரிட ஊக்கம் கொடுத்தார். 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அங்கிருந்து அரிசி வருவது நின்றதும், அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நம் பகுதியின் வயிற்றையும் காப்பாற்றியது மரச்சீனிதான். அவித்து வாட்டி, நல்ல வெயிலில் உணக்கி, காற்றுப் புகாமல் கட்டிவைத்தால் அடுத்த மழைக்காலம் வரை நிற்கும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். ஓட்டுச்சில்லு போல டக்கென்று கேட்டால் காய்ந்திருக்கிறது. விரலில் வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, அது பூஞ்சை பிடிக்கும்.

கெடாமல் இருப்பதில் நான்கில் இதற்கே முதலிடம். ஆனால் தண்ணீர் கணக்கில் இதுதான் கடைசி. இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். பிறகு நிறையத் தண்ணீரில் வேகவைத்து அதையும் வடித்துக் கொட்ட வேண்டும். மரச்சீனியில் இயற்கையாகவே சயனைடு உண்டாக்கும் பொருள் இருப்பதால் தண்ணீர் இல்லை என்று இந்த வேலையைச் சுருக்கக்கூடாது. கசக்கும் ரகமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். போதாக்குறைக்கு அது வெறும் மாவுச்சத்து. பக்கத்தில் கருவாடோ பயறோ இல்லையென்றால் வயிறு நிறையுமே தவிர உடம்புக்குத் தெம்பு வராது. மழை விட்டு, கிணறு தெளிந்து, கடைகள் மட்டும் இன்னும் திறக்காத நாட்களுக்கு இது சரி. புயல் அடிக்கும் முதல் இரண்டு நாளுக்கு இதை நம்பி இருக்க வேண்டாம்.

அந்த முதல் இரண்டு நாளுக்கு அவலுக்கு ஈடு கிடையாது. நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்த பிறகுதான் அது நம் கைக்கு வருகிறது. வேக வேண்டியதெல்லாம் அங்கேயே வெந்தாயிற்று. அடுப்பு வேண்டாம், கரண்ட் வேண்டாம், கழுவப் பெரிய பாத்திரமும் வேண்டாம். குடிதண்ணீரைக்கூட இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை. காற்றில் விழுந்த தேங்காய் எப்படியும் முற்றத்தில் கிடக்கும். விரிசல் இல்லாத காயாகப் பார்த்து உடைத்து, அந்தத் தண்ணீரையே அவலில் தெளித்துப் பிசறி மூடி வைத்தால், கட்டி அவல்கூடக் கால் மணி நேரத்தில் பதமாகிவிடும். அதே காயைத் துருவிப் போட்டு, கருப்பட்டியைக் கத்தியால் சீவிச் சேர்த்து, கொஞ்சம் சுக்குப்பொடி தூவினால் பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கருப்பட்டியை விட்டுவிட்டு உள்ளி (சின்ன வெங்காயம்), பச்சைமிளகாய், உப்பு, எலுமிச்சைச்சாறு போட்டுப் பிசைந்து, அளவோடு கொடுங்கள்.

அவலின் குறை இருப்பில்தான். தவிட்டோடு இருக்கும் சிவப்பு அவல் ருசியிலும் சத்திலும் மேல், ஆனால் தவிட்டெண்ணெயால் அதற்கு வெள்ளை அவலைவிடச் சீக்கிரம் சிக்கு வாடை வரும். புரட்டாசியில் வாங்கி மார்கழிக்குள் தின்று தீர்ப்பது நல்லது. இன்னொன்று, தொடர்ந்து நனைந்து குளிர்ந்த உடம்புக்கு ஆறின சாப்பாடு இரண்டு வேளைக்கு மேல் இறங்காது. வயசானவர்கள் சூடாக ஏதாவது கேட்பார்கள்.

நூடுல்ஸைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வேகும் நேரத்தில் கஞ்சியைத் தோற்கடிக்கும், மாதக்கணக்கில் நிற்கும், பிள்ளைகள் முகம் சுளிக்காது. ஆனால் பாக்கெட்டைத் திருப்பி சோடியம் எவ்வளவு என்று பாருங்கள். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். பெரியவர்களுக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று வேளையும் இதையே தின்றால் அந்த அளவு தாண்டிவிடும், அதோடு தாகமும் எடுக்கும். குடிதண்ணீர் குறைவாக இருக்கும்போது தாகம் கூட்டும் உணவு எதற்கு? நாலு பாக்கெட் இருக்கட்டும். அதை நம்பி ஒரு வாரத்தை ஓட்டத் திட்டமிடாதீர்கள்.

இனி கஞ்சி. என் தேர்வு இதுதான். முதல் காரணம் தண்ணீர். கஞ்சிக்கு ஊற்றும் தண்ணீர் ஒரு சொட்டு வீணாவதில்லை. வடித்த சோற்றில் பாதித் தண்ணீர் வடிதட்டு வழியே போய்விடும், மரச்சீனியில் மொத்தமும் போகும். கஞ்சியிலோ ஊற்றியது அத்தனையும் கொதித்துச் சுத்தமாகி வயிற்றுக்குள் போகிறது. அதில் உப்பும் இருப்பதால் வெள்ளத்துக்குப் பின் வரும் வயிற்றுப்போக்குக்கும் அரிசிக்கஞ்சி நல்ல துணை. (வயிற்றுப்போக்கு தொடர்ந்தால் கஞ்சி மட்டும் போதாது, மருத்துவரைப் பாருங்கள்.) இரண்டாவது காரணம் சத்து. சிறுபயறில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. அரிசிப் புரதத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பயறில் தாராளமாக இருக்கிறது, பயறில் குறைவதை அரிசி ஈடுகட்டுகிறது.

தீயில்தான் கஞ்சி அவலிடம் தோற்கும். இதைக் குறைக்க இரண்டு வழி உண்டு. சம்பா அரிசிக்குப் பதில் பொடியரிசி வாங்குங்கள். முழு அரிசி வேகும் நேரத்தில் பாதிகூட ஆகாது. ஆனால் நொறுங்கிய அரிசியில் வண்டு சீக்கிரம் வரும், அதனால் கொஞ்சமாக வாங்கி அடிக்கடி மாற்ற வேண்டும். இரண்டாவது வழி சூடாறாப் பெட்டி. கேரளத்து மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் வீடுவீடாகப் பரப்பிய பொருள் இது. இன்று ஸ்டீல் பாத்திரத்தோடு மார்த்தாண்டம் கடைகளிலும் கிடைக்கிறது. ஊறவைத்த பயறையும் அரிசியையும் பதினைந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியோடு பெட்டிக்குள் இறக்கி மறந்துவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் அரிசி மலர்ந்து, பயறு தோல் வெடித்து நிற்கும். இடையில் திறந்து பார்த்தால் சூடு போய்விடும், அரைவேக்காடாக நிற்கும். பெட்டி இல்லாதவர்கள் பானையைப் பழைய கம்பளியில் இறுகச் சுற்றி வைத்தாலும் ஓரளவு அதே வேலை நடக்கும்.

பயறைச் சேமிக்கும்போது பாதியை வெறும் சட்டியில் லேசாக வறுத்து ஆறவைத்துக் கட்டுங்கள். வண்டு முட்டை அழியும், கஞ்சிக்கும் மணம் வரும். மறுபாதியை வறுக்காமல் வையுங்கள். மூன்றாம் நாள் காய்கறி தீர்ந்ததும் அதைக் கொதித்தாறிய தண்ணீரில் முளைகட்டினால் வைட்டமின் சி கிடைக்கும். வெள்ளம் வந்த இடத்தில் முளையைப் பச்சையாகத் தின்னாமல், கஞ்சி இறக்குவதற்குச் சற்று முன் போட்டு ஒரு கொதி விடுங்கள்.

தொட்டுக்கொள்ள, சுட்ட தேங்காயும் வற்றல் மிளகாயும் புளியும் சேர்த்து அம்மியில் அரைத்த துவையல், கனலில் சுட்ட பப்படம், உப்பு மாங்காய். மிக்ஸியும் எண்ணெயும் வேண்டாம். தேங்காய் சேர்த்த கஞ்சியை மட்டும் ராத்திரிக்கு எடுத்துவைக்காதீர்கள், ஃப்ரிட்ஜ் இல்லாமல் அது நிற்காது. ஆறு மாதம் தாண்டிய கைக்குழந்தை உள்ள வீட்டில் இவை நான்குக்கும் முன்னால் ஏத்தங்காய்ப் (நேந்திரங்காய்) பொடி வாங்கி வைக்க வேண்டும்.

நான்கு பேருக்கு 5 நாள் என்றால் என் கணக்கு இது: அரிசி 4 கிலோ, சிறுபயறு ஒன்றரைக் கிலோ, அவல் 2 கிலோ, கருப்பட்டி 1 கிலோ, தேங்காய் பத்து. இதில் காலையில் அவல், மதியமும் ராத்திரியும் கஞ்சி. மரச்சீனி ஒரு கட்டு பரணில் இருக்கட்டும், ஆறாம் நாளுக்கு. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் 80 லிட்டர், அதாவது நான்கு பெரிய கேன் தண்ணீரை மழை எச்சரிக்கை வந்த அன்றே, கரண்ட் இருக்கும்போதே நிரப்பி வையுங்கள்.