மண்வள அட்டை: ஒரே காட்டின் இரு மண்களை வைத்து ஒரு மதிப்பீடு

மண்ணின் சத்து அளவுகளையும் பயிருக்கு இட வேண்டிய உரத்தையும் குறித்து வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்கள் வழங்கும் மண்வள அட்டையைப் போல, இவ்வளவு குறைந்த செலவில் விவசாயியின் பணத்தை நேரடியாக மிச்சப்படுத்தும் சேவை வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆயினும் அதில் அச்சாகி வருவது மண்ணைப் பற்றிய ஒரு பகுதிக் கணக்கு மட்டுமே என்பதை உணராதவர், உரத்தைச் சரியான அளவில் இட்டுக்கொண்டே மண்ணை இழக்கவும் கூடும். தாராபுரம் பக்கம் உள்ள எங்கள் காட்டிலிருந்து (எங்கள் பக்கத்தில் விளைநிலத்தைக் காடு என்போம்) இரண்டு மாதிரிகளைக் கொடுத்து, வந்த அட்டைகளை ஒரு வெள்ளாமை முழுவதும் பின்பற்றிப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

எங்கள் நிலத்தின் மேட்டுப் பகுதி செம்மண். சரிந்து இறங்கினால் ஓடையை ஒட்டிய பகுதி கரிசல். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே வகைப் பாறைதான். மேட்டில் விழும் மழைநீர் தங்காமல் வடிந்துவிடுவதால், சுண்ணாம்பும் பிற உப்புகளும் கரைந்து கீழே இறங்க, பாறையிலிருந்த இரும்பு ஆக்சைடாகி எஞ்சி மண்ணுக்குச் சிவப்பு நிறம் தருகிறது. பள்ளத்தில் நீர் தேங்கி, இறங்கி வந்த சுண்ணாம்பும் மக்னீசியமும் அங்கேயே சேர்வதால், ஈரத்தில் உப்பி வெயிலில் வெடிக்கும் களிமண் உருவாகிறது. ஓரடி தோண்டினாலே, சுண்ணாம்பு இறுகி உருவான சுக்கான் கல் தட்டுப்படுகிறது. பாறை, தட்பவெப்பம், உயிரினங்கள், நிலத்தின் மேடுபள்ளம், காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்தே மண்ணை ஆக்குகின்றன என்று மண்ணியல் அறிஞர் ஹான்ஸ் ஜென்னி 1941இல் வகுத்துச் சொன்னதை, எங்கள் காட்டில் மேட்டிலிருந்து ஓடைவரை நடந்தாலே கண்ணால் பார்த்துவிடலாம். இவ்வாறு ஒரு விரற்கடை மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகின்றன. இப்படிப்பட்ட நிலத்தில் இரண்டு மண்ணையும் கலந்து ஒரே மாதிரியாகக் கொடுத்தால், வரும் முடிவு இரண்டில் எதற்கும் பொருந்தாது.

மாதிரி எடுப்பதற்கான விதிகளை வேளாண் அலுவலர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்: வரப்போரம், மரநிழல், எருக்குழி, வாய்க்கால் ஓரம் ஆகியவற்றைத் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவக் குழி வெட்டி, அதன் பக்கவாட்டில் மேலிருந்து 15 செ.மீ. ஆழம்வரை சீராகச் சுரண்டி எடுத்து, கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை விலக்கிக்கொண்டே வந்து, அரைக் கிலோ மிஞ்சும்படி செய்ய வேண்டும். பருத்தி, கரும்பு போன்றவற்றுக்கு ஆழம் 22.5 செ.மீ. சேவையின் இந்தப் பகுதியில் குறை சொல்ல எதுவும் இல்லை. முடிவு வரத்தான் தாமதமாயிற்று. தழை, மணி, சாம்பல் சத்து ஆகிய பேரூட்டங்களின் அளவு முதலில் வந்து, இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்ணூட்டங்களின் அளவு விதைப்பு நெருங்கிய பிறகே கிடைத்தது. அதைவிட வருத்தம் தந்தது, இரண்டு அட்டைகளிலும் அளவுகள் வேறுபட்டிருந்தும் பரிந்துரைப் பகுதியில் மக்காச்சோளத்துக்கு ஒரே உர அளவு அச்சாகியிருந்ததுதான். கேட்ட பிறகு திருத்திக் கொடுத்தார்கள். கேட்காதவர் அப்படியே எடுத்துச் சென்றிருப்பார். இலக்கு விளைச்சலுக்கேற்ப உர அளவைக் கணிக்கும் சமன்பாடுகள் பல பயிர்களுக்கு உருவாக்கப்பட்டிருக்கும்போது, பரிந்துரைப் பகுதி இவ்வளவு கவனக்குறைவாக இருக்கக் கூடாது.

அட்டையில் உள்ள 12 அளவுகளில் எங்களுக்கு உடனே பயன் தந்தது மணிச்சத்து (பாஸ்பரஸ்). மேட்டுச் செம்மண்ணில் அது உயர்நிலையில், அதாவது எக்டருக்கு 22 கிலோவுக்கு மேல் இருந்தது. மணிச்சத்து மிகுந்த டி.ஏ.பி. உரத்தை ஆண்டுதோறும் கேள்வி கேட்காமல் இட்டதன் விளைவு அது. அந்தப் பருவத்தில் அடியுரமாக டி.ஏ.பி.யைத் தவிர்த்தோம், பயிரில் எந்தக் குறையும் தெரியவில்லை. கரிசலில் கார அமில நிலை (pH) எட்டைத் தாண்டியிருந்தது, இரும்பும் துத்தநாகமும் பற்றாக்குறையாக இருந்தன. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் பயிருக்குக் கிடைப்பதில்லை என்பதால், இரும்பு சல்பேட்டை மண்ணில் இடுவதைவிட இலைவழியாகத் தெளிப்பதே பலன் தரும். இதையும் அலுவலரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மட்கிய பொருள்களிலிருந்து மண்ணில் சேரும் அங்ககக் கரிமம் இரண்டு மாதிரிகளிலும் 0.5 சதவீதத்துக்குக் கீழே, குறைவு என்ற நிலையில் இருந்தது. அட்டையில் ஒரே ஒரு வரியை மட்டும் ஆண்டுக்காண்டு ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்றால், அந்த வரியைத்தான் பார்க்கச் சொல்வேன். நீரைப் பிடித்து வைப்பதும், ஊட்டங்களைக் கழுவிப் போகாமல் காப்பதும், நுண்ணுயிர்களுக்கு உணவாவதும் அந்தக் கரிமம்தான்.

அட்டை சொல்லாதவற்றுக்கு இனி வருகிறேன். ஆய்வுக்கூடத்தில் மண்ணை உலர்த்தி, இடித்து, 2 மி.மீ. சல்லடையில் சலித்த பிறகே சோதிக்கிறார்கள். சல்லடையில் தங்கும் சரளை கணக்கில் சேர்வதில்லை. கிடைத்த அளவை எக்டருக்கு இத்தனை கிலோ என்று மாற்றும்போது, ஓர் எக்டரின் மேல் 15 செ.மீ. மண் சுமார் 22.4 லட்சம் கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆழமான கரிசலுக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தலாம். சாண் ஆழத்திலேயே சரளையும் பாறையும் தட்டுப்படும் எங்கள் மேட்டில், காகிதத்தில் காட்டப்படும் சத்து முழுவதும் நிலத்தில் இல்லை. மண்ணின் ஆழம், கட்டமைப்பு, நீர் உள்ளிறங்கும் வேகம், மண்புழு, நுண்ணுயிர் ஆகிய எதுவும் அந்த 12 அளவுகளில் இடம்பெறவில்லை. ஒரு மழையில் எவ்வளவு மேல்மண் போகும் என்பதை முடிவு செய்வது இவைதான்.

அதே 22.4 லட்சம் கிலோ கணக்கின்படி, ஓர் எக்டரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மேல்மண் கரைந்து போனால் ஏறத்தாழ 15 டன் மண் போகிறது. கண்ணுக்குத் தெரியாத இழப்பு இது. அடுத்த முறை மாதிரி எடுக்கும்போது புதிதாக மேலே வந்த அடிமண்ணைத்தான் நாம் 15 செ.மீ. சுரண்டி எடுப்போம், அட்டையும் அதன் சத்தை மட்டும் சொல்லும். கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண் ஆழமாக வெட்டி எடுக்கப்பட்டு, 2021இல் சூளைகள் மூடப்பட்ட பின்னும் அந்தக் குழிகளில் மண் திரும்பி வந்துவிடவில்லை. உர மூட்டைகளால் ஈடுகட்டக்கூடிய இழப்பில்லை அது.

ஆகவே அட்டையுடன் சேர்த்து நாமே செய்துகொள்ளக்கூடிய ஒரு சோதனையைப் பரிந்துரைக்கிறேன். நன்கு உலர்ந்த மண்கட்டி ஒன்றை ஒரு குவளைத் தண்ணீரில் மெதுவாக விட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் மேட்டு மண் உடனே பொடிந்து குழம்பாயிற்று. பக்கத்தில் நெடுங்காலமாக உழாமல் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல் வளரவிட்ட கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) மண், அதே செம்மண்ணாக இருந்தும், கட்டி குலையாமல் நின்றது. வேரும் மட்கும் பிணைத்து வைத்த மண்ணை மழைத்துளி எளிதில் சிதைப்பதில்லை. சிதைந்தால்தான் மேற்பரப்பு இறுகி, நீர் உள்ளே இறங்காமல் மண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறது. சரிவுக்குக் குறுக்காக உழுவது, பசுந்தாள் உரப்பயிரான சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து மடக்கி உழுவது, குளத்து வண்டல் அடிப்பது, ஆட்டுக்கிடை போடுவது ஆகியவற்றை எந்த அளவில் செய்ய வேண்டும் என்று அட்டையில் வந்தால் இந்தச் சேவை இன்னும் பல மடங்கு மதிப்புடையதாகும்.

ஏற்கெனவே அரசு வழங்கிய அட்டை கையில் இருக்கிறது என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பாசன நிலத்தில் 2.5 எக்டருக்கும் மானாவாரி நிலத்தில் 10 எக்டருக்கும் ஒரு மாதிரி என்ற கட்ட முறை பின்பற்றப்பட்டது. தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலமோ 0.75 எக்டர்தான். உங்கள் பெயரில் வந்த அட்டையின் மண் பக்கத்து நிலத்தில் எடுத்ததாகவும் இருக்கலாம். ஆகையால் உங்கள் நிலத்தின் மாதிரியை நீங்களே எடுத்துக் கொடுப்பது நல்லது; நிறமோ சரிவோ மாறும் இடத்தில் தனித்தனியாக எடுங்கள். அறுவடை முடிந்து உரம் எதுவும் இடாத சித்திரை, வைகாசியில் கொடுத்தால் ஆடிப் பட்டத்துக்கு முன்னே நுண்ணூட்ட முடிவும் வந்துவிட வாய்ப்புண்டு; அட்டையை வாங்கும்போதே பரிந்துரைப் பகுதியை அலுவலர் முன்னிலையில் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.