‘வேறு மாதிரியான ஆன்லைன் கேம்’ என்று முன்பணம் கேட்கிறார்களா? சற்றுப் பொறுங்கள்

சென்னையில் ஆன்லைன் ரோல்பிளேயிங் கேம் (ஒரு பாத்திரமாக மாறிப் பலரோடு சேர்ந்து ஆடுவது) ஆடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வந்த ஒரு கேமின் ஃபவுண்டர்ஸ் பேக்கை (முன்பணம் கட்டுகிறவர்களுக்கான தொகுப்பை) நானும் எங்கள் கில்டில், அதாவது சேர்ந்து ஆடும் குழுவில், சிலரும் முன்பதிவில் வாங்கினோம். ஆளுக்கு நாலாயிரத்துச் சொச்சம். இன்றுவரை ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. வங்கியில் புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயனில்லை. இதே பாணியில் விற்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள்.

விளம்பரத்தில் இரண்டு வாக்குறுதிகள் தந்தார்கள். இது இந்த வகையில் மிகப் பிரபலமான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேம் போல இருக்காது, நாம் செய்கிற காரியங்களுக்கு ஏற்ப உலகமே மாறும் என்பது ஒன்று. சிங்கப்பூரில் சர்வர் வைப்போம் என்பது மற்றொன்று. சென்னைக் கடற்கரையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடி கேபிள் நேராகவே போகிறது. இணைப்பு நன்றாக இருந்தால் பிங், அதாவது நம் கட்டளை சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், 40 மில்லிசெகண்டை ஒட்டி நிற்கும். எங்களைக் காசு எடுக்க வைத்தது அந்த இரண்டாவது வாக்குறுதிதான்.

கேம் திறந்த இரவு உள்ளே போனோம். முதல் கிராமம். ஊர்த்தலைவர் நிற்கிறார், அவர் தலைக்கு மேலே மஞ்சள் நிறத்தில் ஆச்சரியக்குறி. வார்கிராஃப்ட்டில் வேலை கொடுப்பவர்கள் தலைக்கு மேலே இருக்கும் அதே குறி. அப்போதே எனக்குச் சுரீர் என்றது. ஓநாய்கள் ஆட்டுக்குட்டிகளைத் தின்கின்றனவாம், பத்துத் தோல் கொண்டுவர வேண்டுமாம். போய்க் கொன்றோம். கொன்ற ஓநாய்களில் பாதிக்கு உடம்பில் தோலே இல்லை! “அண்ணா, இதற்கும் தோல் இல்லை, இது எப்படி இத்தனை நாள் உயிரோடு இருந்தது?” என்று அம்பத்தூர்த் தம்பி ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டே இருந்தான். பத்தும் சேர்த்துத் திரும்பினால் ஊர்த்தலைவர் அதே இடத்தில் நிற்கிறார், அடுத்து வருகிறவரிடமும் அதே ஓநாய்க் கதையைச் சொல்கிறார். எங்களால் மாறப்போவதாகச் சொன்ன உலகம் இதுதான். சிங்கப்பூர் சர்வர் ‘விரைவில்’ என்றார்கள். அதுவரை ஐரோப்பிய சர்வர். பிங் 150ஐத் தாண்டியது. மந்திரத்தை ஏவி, அது போய்ச் சேர்வதற்குள் செத்துப்போனோம்.

காப்பியடித்தது என் புகார் அல்ல. வார்கிராஃப்ட்டே 2004இல் வந்தபோது 1999இன் எவர்குவெஸ்ட்டிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டது. முரடாக இருந்ததையெல்லாம் இழைத்து வழவழப்பாக்கிக் கொடுத்தது, அவ்வளவுதான். 2010இல் அதற்கு 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். அந்த எண்ணைப் பார்த்த முதலீட்டாளர் எவருக்கும் அதேபோல ஒன்று வேண்டும் என்றுதானே தோன்றும்? 2011இல் ரிஃப்ட் என்ற கேம் வந்தது, ‘நாம் இப்போது அசெராத்தில் இல்லை’ என்ற விளம்பரத்தோடு. அசெராத் என்பது வார்கிராஃப்ட்டின் உலகம். விலகிப் போகிறோம் என்று சொல்லவும் அதன் பெயரே தேவைப்பட்டிருக்கிறது. 2014இல் வந்த வைல்ட்ஸ்டாரில் நகைச்சுவையும் கடினமான சண்டைகளும் உண்டு, அடிக்கட்டுமானம் பழையதுதான். 2018இல் மூடிவிட்டார்கள்.

புதிதாக கேம் செய்கிறவர்களுக்கு உண்மையான இக்கட்டு வேறு இடத்தில் இருக்கிறது. வார்கிராஃப்ட்டில் இருபது வருடமாகச் சேர்ந்த கண்டங்கள், கோட்டைகள், கதைகளோடு புது கேம் முதல் மாதத்திலேயே போட்டிபோட வேண்டும். மூன்று நான்கு வருடம் உழைத்துச் செய்ததை ஆடுகிறவர்கள் ஆறு வாரத்தில் முடித்துவிட்டு, ‘அடுத்து என்ன?’ என்பார்கள். அதனால் மலிவாகச் செய்யக்கூடிய ஓநாய் வேலைகளால் இடத்தை நிரப்புகிறார்கள். தப்பித்தவை உண்டு. 2003இல் வந்த ஈவ் ஆன்லைனில் ஓநாய் கொன்று லெவல் ஏற்றும் பேச்சே இல்லை. நாம் தூங்கும்போதும் திறமைப் பயிற்சி ஓடிக்கொண்டிருக்கும், வணிகமும் போரும் ஆடுகிறவர்கள் கையில். கில்ட் வார்ஸ் 2 மாதச் சந்தாவையே ஒழித்தது. ஃபைனல் ஃபேண்டஸி 14இன் கதை நேர் எதிர்: 2010இல் தோற்று, 2013இல் மறுபடி கட்டியபோது வார்கிராஃப்ட் வழக்கங்களை ஒளிவுமறைவில்லாமல் எடுத்துக்கொண்டு ஜெயித்தது. காப்பி என்று சொல்லியே விற்றிருந்தால் நாங்களும் ஒருவேளை வாங்கியிருப்போம்.

இனி, பணம் எப்படிச் சிக்கியது என்பது. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கும் கேமை 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் திருப்பித் தரலாம். இவர்கள் முன்பதிவைத் தங்கள் இணையதளத்தில் மட்டும் வைத்தார்கள். ஸ்டீம் பதிப்பு பல வாரம் கழித்துத்தான் வந்தது. முதல் முறை உள்ளே நுழைந்ததும் ஒரு குதிரையும் கொஞ்சம் ரத்தினங்களும் நம் கணக்கில் தானாக வந்து விழுகின்றன. பணத்தைக் கேட்டால், ‘தொகுப்பின் பொருட்களை நீங்கள் பெற்றுக்கொண்டுவிட்டீர்கள், எனவே பயன்படுத்தப்பட்டதாகக் கருதப்படும்’ என்று பதில். அந்தக் குதிரையில் ஏற முப்பதாவது லெவல் வேண்டும். நாங்கள் அதைத் தொடவே இல்லை.

பேக்கோடு ஒரு மாதச் சந்தா இலவசம் என்பதிலும் ஒரு கொக்கி இருந்தது. மாதம் முடிந்ததும் கார்டில் தானாகப் பணம் எடுக்கும் ஒப்புதல் அதற்குள்ளேயே அடங்கியிருந்தது. ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படி எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக வங்கி தகவல் அனுப்ப வேண்டும். எனக்கு எஸ்எம்எஸ் வந்தது, வங்கிச் செயலியில் போய் ரத்து செய்துவிட்டேன். வேளச்சேரி நண்பர் அதை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டார்; அவருக்கு இரண்டாவது மாதப் பணமும் போனது.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தேன். பொறுமையாகத்தான் பேசினார்கள். நிறுவனத்தின் இந்திய முகவரி என்ன என்று கேட்டார்கள், அதுதான் இல்லை. இந்தியாவில் விற்கும் இணைய வணிக நிறுவனம் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரங்களையும் தளத்தில் போட வேண்டும், 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும் என்று 2020 விதிகள் சொல்கின்றன. இவர்களுடைய தளத்தில் அப்படி ஒரு பெயரைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. இனி எந்த கேமுக்கு முன்பணம் கட்டுவதானாலும் நான் டிரெய்லருக்கு முன்னால் குறைதீர் அலுவலர் பெயர் இருக்க வேண்டிய பக்கத்தைத்தான் திறக்கப்போகிறேன்.

இதற்கிடையில் அதே நிறுவனம் போன வாரம் முதல் விரிவாக்கத் தொகுப்பை முன்பதிவுக்கு விட்டிருக்கிறது. இதுவரை யாரும் பார்த்திராத உலகமாம், இந்த முறையும் சிங்கப்பூர் சர்வராம். எங்கள் கில்டுக்குத் தனியாகத் தள்ளுபடி மின்னஞ்சல் வந்திருக்கிறது. உங்களுக்கும் வந்தால், ஸ்டீமில் வரும்வரை பணம் கட்டாதீர்கள்.