கண் உருளும் சத்தம்: மூன்று வழிகளில் எது?

படிக்கும்போது வரிக்கு வரி கண் நகர்கிறது அல்லவா, அந்த நகர்வு எனக்குக் கேட்கும். உலர்ந்த தாளை இழுப்பது போல, இடது காதுக்குள். என் குரலோ பானைக்குள் தலையை விட்டுப் பேசியது மாதிரி அதிரும். அதனால் தாழ்ந்தே பேசிப் பழகிவிட்டேன். "சத்தமாச் சொல்லுங்க" என்பாள் மனைவி.

தலை திரும்புவதை உணர்ந்து சமநிலை காக்க உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு. அவற்றில் மேல் குழலை மூடிய எலும்பில் எனக்கு ஓட்டை. உட்காதுக்கு இயல்பாக இரண்டு சன்னல்கள்தான். இந்த ஓட்டை மூன்றாவதாகிவிட, உடம்பின் சத்தமெல்லாம் உள்ளே பெருகுகிறது, பலத்த ஓசை கேட்டால் தலையும் சுற்றுகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் லாயிட் மைனரும் குழுவினரும் 1998இல்தான் இதைத் தனி நோயாக விவரித்தார்கள்.

முதலில் பார்த்த இடத்தில் நடுக்காது எலும்பு இறுகியிருக்கிறது என்று சொல்லி அறுவைக்கு நாளும் குறித்தார்கள். கேட்டல் வரைபடம் இரண்டு நோயிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஆனால் எலும்பு இறுகினால் சத்தத்துக்கு நடுக்காதுத் தசை சுருங்குவது பதிவாகாது, எனக்குப் பதிவானது. அடுத்த மருத்துவர் இசைக்கவையைத் தட்டிக் கணுக்காலில் வைத்தார். அது காதில் ரீங்கரித்தது! அப்புறம்தான் சி.டி. ஸ்கேன்.

தொந்தரவு லேசாக இருந்தால் அறுவையே வேண்டாம். மூச்சைப் பிடித்து முக்காமல், இரைச்சலை ஒதுக்கி வாழலாம். நிறையப் பேருக்கு அதுவே போதும்.

தாங்க முடியாதவர்களுக்கு முதல் வழி, காதுக்கு மேலே மண்டையோட்டைத் திறந்து மூளையை உறையோடு மெல்ல உயர்த்தி ஓட்டையைச் சரிசெய்வது. ஓட்டை நேராகக் கண்ணுக்குத் தெரியும், அதுதான் இதன் பலம். ஆனால் மூளைநீர் கசிவு, வலிப்பு போன்ற ஆபத்துகள், அரிதே ஆனாலும், உண்டு.

இரண்டாவது, காதுக்குப் பின்னாலுள்ள எலும்பைக் குடைந்து போவது. சீழ் வடியும் காதுக்குக் காது மருத்துவர்கள் வழக்கமாகப் போகும் பாதைதான். மூளையை உயர்த்த வேண்டாம். ஓட்டை நேராகத் தெரியாததால் அதன் இருபுறமும் குழலைத் திறந்து அடைக்கிறார்கள். மூளையுறை தாழ்ந்து தொங்கினால் கருவி நுழைய இடம் இருக்காது.

மூன்றாவது, இயல்பான இரண்டு சன்னல்களில் ஒன்றான வட்டச் சன்னலைக் கெட்டிப்படுத்துவது. சின்ன வேலை. பலன் சிலருக்கு மட்டும், அதுவும் நிலைக்காமல் போகலாம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

தழும்பு எங்கே வரும் என்பதைவிட, குழலை அடைப்பார்களா, மேலே மூடி மட்டும் போடுவார்களா என்று கேளுங்கள். மூடினால் தொந்தரவு திரும்பும் வாய்ப்பு அதிகம். அடைத்தால் அந்தக் குழலின் வேலை நின்றுபோகும். சில வாரம் தள்ளாட்டம் இருக்கும், பயிற்சியில் மூளை பழகிக்கொள்ளும். எந்த வழியிலும் கேட்கும் திறன் குறையலாம், மறுகாது பலவீனமானவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். குரல் அதிர்வு நன்றாகவே அடங்கும் என்கிறார்கள். தலைச்சுற்றல் அவ்வளவு உறுதியில்லை. ஒற்றைத் தலைவலியும் கூட இருந்தால் முதலில் அதற்கு மருந்து எடுங்கள்.

என் ஸ்கேனில் மூளையுறை தாழவில்லை, மறுகாதும் நன்றாகக் கேட்கிறது. பின்வழியாக அடைக்கச் சொல்லிவிட்டேன்.